விசில் டீச்சர் பேசாத வகுப்பு

கரண்ட் போய் மணி அடிக்காவிட்டாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் கவலைப்பட மாட்டோம். விளையாட்டு டீச்சர் மைதானத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மாடியின் கடைசி அறையில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூடப் பேனாவை மூடிவிடுவார்கள். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஆனால் அதை ஊதி நான் அதிகம் பார்த்ததில்லை. "எதுக்கு டீச்சர், அதான் தொண்டை இருக்கே" என்பார். இருந்தும் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் முழுச் சுவர் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பென்சில் விழுந்தால் இந்தப் பக்கம் குனிந்து தேடுவார்கள். அதனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பாதி என் காதால் கேட்டது, கால்வாசி ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தது, மீதி அவரே எனக்குச் சொன்னது.

விசில் டீச்சர் சின்ன வயதில் நல்ல ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டரில் அவரை முந்த ஆள் இல்லை என்று பேர் வாங்கியவர். வெளியூரில் நடந்த ஒரு பெரிய போட்டியில், ஓட்டம் தொடங்கும் முன் ஒரு அதிகாரி வந்து விதியை இங்கிலீஷில் விளக்கினார். முதல் வளைவு முடியும் வரை அவரவர் கோட்டுக்குள்ளேயே ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்பக்கம் வரலாம் என்பது விதி. எங்கள் ஆளுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மற்றப் பெண்கள் தலையாட்டினார்கள், இவரும் ஆட்டினார். துப்பாக்கி வெடித்ததும் நேரே உள்கோட்டுக்குப் பாய்ந்து, எல்லாரையும் பின்னால் விட்டு, கையைத் தூக்கிக்கொண்டு முதலாவதாக வந்தார். கையை இறக்குவதற்குள் அவரை நீக்கிவிட்டார்கள். "ஏன் நீக்குனாங்கன்னு சொன்னாங்க பாருங்க, அதையும் இங்கிலீஷ்லயே சொன்னாங்க. அதுவும் புரியல!" என்று சொல்லி அவர் சிரிக்கும்போது நமக்கும் சிரிப்பு வரும். அடுத்த நிமிடம் என்னவோ போல் இருக்கும்.

பிறகு முட்டி தேய்ந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு படித்து எங்களிடம் வேலைக்கு வந்தார். கணவர் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். வண்டி நம்பர் பலகை, கடைக்கதவில் ஒட்டும் எழுத்து, கல்யாண வீட்டு அம்புக்குறி என்று எது கேட்டாலும் மெஷினில் வெட்டிக் கொடுப்பார். இரண்டு பேரும் ஒரே சத்தம். அவர்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் பண்ண வந்ததுண்டு.

இப்படி இருக்கையில், ஆண்டின் நடுவில் எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்குப் பிரசவத்துக்கு முன்பே படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மற்ற வகுப்புகளை எப்படியோ பங்கு போட்டுக்கொண்டோம். இரண்டாம் வகுப்பு மட்டும் அனாதையாக நின்றது. அந்த நேரத்தில் கை ஓய்வாக இருந்தவர் விசில் டீச்சர் ஒருவர்தான். தலைமை ஆசிரியை, நாங்கள் பெரிய மேடம் என்போம், அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மேடம், 'ஆன் யுவர் மார்க்'கைத் தாண்டி எனக்கு இங்கிலீஷ் வராது. விட்டுருங்க."

"ரெண்டாம் வகுப்புதானேம்மா! புத்தகம் இருக்கு, படம்கூடப் போட்டிருக்கு. வாசிக்க வச்சுட்டு வந்துருங்க."

முதல் நாள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அந்த வகுப்புக்குள் போனதைப் பார்த்தேன். பெரிய போட்டிக்குப் போகிறவர் முகம்.

அந்த வகுப்பில் ஒரு பையனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் வீட்டுக்குப் போகும் வரை ஓடும். "யாராவது வாசிங்க" என்றதும் அவன்தான் எழுந்தான். பந்து உருளுகிறது, பந்து சிவப்பு, பையன் ஓடுகிறான் என்று ஒரு பக்கத்தை இங்கிலீஷில் மளமளவென்று கொட்டினான். விசில் டீச்சருக்கு உயிர் வந்தது. கைதட்டிக்கொண்டே பக்கத்தில் போய்ப் புத்தகத்தைப் பார்த்தார்.

"டேய், இதுல பஸ் படம் இருக்கு. பந்து எங்கடா?"

"பந்து முந்தின பக்கத்துல இருக்கு மிஸ்."

"அப்போ இந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு அதை எப்படி வாசிச்ச?"

"எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் மிஸ் வரும்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். அத்தனை பேரும் அந்தப் பாடத்தைப் பாட்டாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 'ரெட்' எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றால் விரல் பக்கம் முழுக்க ஊர்ந்தது. பாவம், அவர்களை என்ன சொல்வது? வீட்டில் அம்மா வாயிலும் வராத, அப்பா வாயிலும் வராத மொழி. பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிற ராகம். ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, அல்லது காட்டியது ஒட்டவில்லை.

மதிய இடைவேளையில் அவர் என் எதிரே வந்து டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்தார்.

"டீச்சர், எழுத்தோட பேரு எல்லாருக்கும் தெரியுது. ஆனா அது என்ன சத்தம் போடும்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆள் பேரு தெரியும், ஆளைத் தெரியாதுங்கற மாதிரி இருக்கு. நான் சத்தத்துலேர்ந்து ஆரம்பிக்கப் போறேன்."

ஆரம்பித்தார். தினமும் அந்தப் பாடவேளை முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம் "ப்! ப்! ப்!", "ம்! ம்! ம்!" என்று கவாத்து நடந்தது. என் வகுப்பில் கழித்தல் கணக்கு போட்டவர்கள் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே போட்டார்கள். அதே வாரம் பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டிக்கு மாலையில் பயிற்சி வேறு. காலையில் எழுத்துக்காகக் கத்தல், மாலையில் காலுக்காகக் கத்தல். வாரக் கடைசியில் தண்ணீர் வராத குழாய் மாதிரி "கொர்" என்றொரு சத்தம் வந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

தொண்டையைப் பார்த்த டாக்டர், குரல் நரம்பில் வீக்கம், இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று சொல்லி அனுப்பினார். ஸ்டிக்கர் கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

"ஏம்மா, ரெண்டு வாரம்னா நிஜமாவே ரெண்டு வாரமா? டாக்டருக்கு ஏதாவது பழம் வாங்கிட்டுப் போகட்டுமா?"

இவர் ஒரு தாளை எடுத்து, கையில் கிடைத்த தடிப் பேனாவால் எழுதிக் காட்டினார்: 'கடையைச் சாத்திட்டு வந்து பாத்திரம் கழுவுங்க.' மனிதர் வாசித்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் எழுந்து போய்க் கழுவினாராம். வாயால் சொல்லியிருந்தால் எதிர்வாதம் பண்ணியிருப்பார். எழுதிக் காட்டியதில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாக விசில் டீச்சர் பிற்பாடு எனக்குச் சொன்னார். விஷயம் பொறி தட்டியது அங்கேதான்.

விடுப்பு எடுத்தால் வகுப்பைப் பார்க்க வேறு ஆள் இல்லை. திங்கட்கிழமை அவர் வந்துவிட்டார், அக்குளில் கடையிலிருந்து கொண்டுவந்த கழிவு ஃபோம் அட்டைகளோடு.

அன்றைக்கு இரண்டாம் வகுப்பில் வழக்கமான சந்தைக்கூச்சல். நான் "என்னாச்சு?" என்று எட்டிப் பார்த்தேன். விசில் டீச்சர் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் பெரிதாக 'ஸ்டாண்ட்' என்று இங்கிலீஷில் எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்தைக் காட்டினார். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்து, எழுத்தைக் காட்டி, எழுந்தார். ரேடியோ எழுந்தான். வகுப்பும் எழுந்தது. அடுத்து 'சிட்' என்று எழுதி உட்கார்ந்தார். அப்புறம் 'ஸ்டாப்'. அதற்கு அறை முழுக்க நடந்து காட்டி, எழுத்தைக் காட்டியதும் சிலையாக நின்றார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மூன்று சொல்லையும் மூன்று அட்டையில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, ஒன்றை உயர்த்தினார். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள், இரண்டு பேர் நடு அறையில் சிலையானார்கள். யார் சரி என்று பெரிய ரகளை. விசில் டீச்சர் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது. அட்டையை மட்டும் விரலால் தட்டினார்.

"மிஸ், மூணும் ஒரே மாதிரி இருக்கு மிஸ்!" என்று ரேடியோ கத்தினான்.

உண்மைதான். மூன்றுமே எஸ் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் சொற்கள். அது அவருக்கே அப்போதுதான் உறைத்ததாம். வாய் மட்டும் இருந்திருந்தால் அந்த இடத்தில் பதிலைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பார். சும்மா நின்றார். அப்போது முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டுக் கேட்டு, 'ஏன்' என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது.

"மொத எழுத்தைப் பாக்காதீங்க! மொதல்ல எல்லாம் ஒண்ணுதான். கடைசியைப் பாருங்க! கடைசில ப் சத்தம் வருதா பாருங்க!"

ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு குழந்தை சொல்லின் கடைசி எழுத்து வரை கண்ணை ஓட்டியதை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அடுத்த அட்டைக்கு எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். "ப்... ப் இருக்கு! ஸ்டாப்!" முப்பது சிலைகள்.

அந்தச் சிலைகளில் முதலில் நின்ற சிலை யார் என்பதையும் சொல்ல வேண்டும். புதுசு என்று ஒரு பெண். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அனுப்பும் ஊருக்கெல்லாம் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர். அவர்கள் வீட்டு மொழி வேறு. அவளுக்கு இங்கிலீஷ் மட்டுமல்ல, நாங்கள் பேசும் தமிழும் தெரியாது. வந்த நாளிலிருந்து தலையைக் குனிந்து பெஞ்சில் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள். மற்ற டீச்சர்கள் ஒரு சொல் சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் புரிந்து நடப்பார்கள், அவள் மட்டும் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து ஒரு நொடி பிந்தி நடப்பாள். விசில் டீச்சர் வாய் மூடிய அன்றைக்கு, வகுப்பு மொத்தமும் அவள் நின்ற கோட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கோ கண்ணால் பிடித்துப் பழக்கம். அட்டை ஏறியதும் அவள் முந்திக்கொண்டாள். "புதுசைப் பாருடா, புதுசுக்குத் தெரிஞ்சிருச்சு!" என்று பின்வரிசை கத்த, அவள் தலை முதல்முறையாக நிமிர்ந்தது.

அப்புறம் என்ன, அட்டைகள் பெருகின. ஸ்டிக்கர் கடைக்காரர் மெஷினில் பெரிய எழுத்தாக வெட்டிக் கொடுத்தார். வகுப்பு மைதானத்துக்கு இறங்கியது. 'ரன் டு த ட்ரீ', 'ஹாப் டு த கேட்', 'டச் த வால்'. அட்டையை வாசித்தால்தான் விளையாட்டு. தப்பாக வாசித்தால் மரத்துக்குப் பதில் வாசல் கேட்டுக்கு நொண்டிக்கொண்டு போய், தனியாக நின்று அசடு வழிய வேண்டும். 'ஹாப்', 'ஹாட்', 'ஹிட்' என்று நடு எழுத்தையும் கடைசி எழுத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி அவர் அவர்களை ஏமாற்றப் பார்ப்பார். ஏமாற மாட்டோம் என்று அவர்கள் எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டுக் கூட்டுவார்கள். என் பிள்ளைகள் ஜன்னலிலேயே தொங்கினார்கள். "மிஸ், நாங்களும் ரெண்டாம் வகுப்புக்கே போயிடுறோம் மிஸ்" என்று ஒருவன் மனு கொடுத்தான்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருநாள் 'ஏன்' தன் சிலேட்டை நீட்டிக்கொண்டு விசில் டீச்சர் முன்னால் வந்து நின்றாள். அதில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம். எனக்குத் தண்ணி வேணும் என்று. 'வாட்டர்' என்ற சொல்லில் டபிள்யூவுக்குப் பக்கத்தில் ஓ, அப்புறம் ஒரு டி, ஆர். காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத வாக்கியம்.

விசில் டீச்சர் அந்தச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்குள் ஓடி வந்து, பேச முடியாமல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு திரும்பிப் போய், அதன் கீழே 'யூ வாண்ட் வாட்டர்? கோ அண்ட் ட்ரிங்க்' என்று எழுதிக் கொடுத்தார். தப்பு என்று கோடு போடவில்லை. சரியான எழுத்தைப் பதிலில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். அவள் அதை வாசித்துப் பார்த்து, தன் சொல்லையும் அவர் சொல்லையும் மாறி மாறிப் பார்த்து, ஓவைத் துடைத்து ஏ என்று திருத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மறுநாளிலிருந்து சிலேட்டுகள் படையெடுத்தன. பென்சில் உடைந்துவிட்டது, அவன் என்னைத் தள்ளினான், எனக்குப் பல் ஆடுகிறது என்று எல்லாமே இங்கிலீஷில், எல்லாமே கால் உடைந்த எழுத்தில், ஆனால் எல்லாமே புரிகிறபடி! வாயால் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இடைவேளையில் ரேடியோவைப் பிடித்துக் கேட்டேன்.

"விசில் மிஸ்ஸுக்குக் காது கேக்காது மிஸ். உங்களுக்குத் தெரியாதா? அதான் பேசறது இல்ல. தமிழும் படிக்க மறந்துருச்சாம். இங்கிலீஷ்ல எழுதினாத்தான் புரியுது."

பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்! பலகையில் இங்கிலீஷ் மட்டுமே எழுதுவதால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். இதை விசில் டீச்சரிடம் சொன்னேன். அவர் டெஸ்க்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தார். தெரியுமாம். முந்தின நாள் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு ரேடியோ, "இன்னைக்கு மிஸ் தலை காக்கா கூடு மாதிரி இல்ல?" என்று சத்தமாகக் கேட்டானாம். வகுப்பே ஆமாம் போட்டதாம். இவர் சிரிப்பை அடக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, துடைத்த பலகையையே மறுபடி துடைத்தாராம்.

"இது பொய் இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

தாளில் எழுதினார்: 'கேக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்?'

எல்லாருக்கும் இது தித்திக்கவில்லை. ரேடியோவின் அம்மா தையல் கடை வைத்திருப்பவர், நேரே பெரிய மேடத்திடம் வந்துவிட்டார்.

"மேடம், என் பையன் முன்னாடி கண்ணை மூடிட்டு ஒரு பக்கம் வாசிப்பான். இப்ப ஒவ்வொரு எழுத்தா தடவுறான். ஒரு வரிக்கு அரை மணி நேரம். வீட்டுப்பாட நோட்டு பூரா வெள்ளையா கிடக்கு. கேட்டா மைதானத்துல நொண்டி விளையாடினோம்ங்கறான். இதுக்கா மேடம் அனுப்பறோம்?"

பெரிய மேடமும் கொஞ்ச நாளாக மைதானத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவர்தான். அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தார். நான் ஸ்டூலில் ஏறிவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வகுப்பும் ஏறிவிட்டது.

"வாசிக்கத் தெரியுதான்னு நானே பார்க்கிறேன்" என்றார் மேடம். விசில் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாது, இதுதான் நான் செய்கிறேன் என்று விளக்க முடியாது. சுண்ணாம்புக்கட்டியை மேடத்திடம் நீட்டினார்.

மேடம் யோசித்து, பிள்ளைகள் கண்டே இராத ஒரு வாக்கியத்தை எழுதினார்: 'புட் த ரெட் பேக் ஆன் மை சேர்.' சிவப்புப் பையை என் நாற்காலியின் மேல் வை.

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. தேனீக்கூட்டில் காது வைத்த மாதிரி. ப்... உ... ட்... புட். த. ர்... எ... ட்... ரெட்! "ரெட், ரெட்!" என்று நாலு பேர். புதுசு தன் சிவப்புப் பையை ஏற்கெனவே தூக்கிப் பிடித்துவிட்டாள். கடைசிச் சொல்லில் எல்லாரும் முட்டி நின்றார்கள். ரேடியோ பலகைக்குப் பக்கத்திலேயே போய்விட்டான். அவன் அம்மா வாசலில் நிற்பதுகூட அவன் கண்ணில் படவில்லை.

"சி... எச்... ரெண்டும் சேர்ந்தா ச்... ச்... ஏர்... சேர்! மிஸ், சேர்! உக்கார்ற சேர்!"

புதுசு விசில் டீச்சரின் நாற்காலியை நோக்கிப் பாய்ந்தாள். 'ஏன்' குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள்.

"நில்லு! 'மை சேர்'னு இருக்கு. மைன்னா எழுதினவங்களோடது. இதை யாரு எழுதினது?"

முப்பது தலைகள் பெரிய மேடம் பக்கம் திரும்பின. மேடம் ஒன்றும் சொல்வதற்குள் வகுப்பு அவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வெளியேறிவிட்டது. வராந்தா முழுக்கத் தடதடவென்று கால் சத்தம். பையைத் தூக்கிக்கொண்டு புதுசு முன்னால், ரேடியோ அவளுக்குப் பின்னால், அவர்களுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி பெரிய மேடம், அவரைத் தொடர்ந்து விசில் டீச்சர், தையல் கடை அம்மா, நான்.

அலுவலக அறையில் மேடத்தின் நாற்காலி மேல் ஒரு எலக்ட்ரீஷியன் ஏறி நின்று ட்யூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு அவரைச் சுற்றி வளைத்தது.

"அங்கிள் இறங்குங்க! நாங்க பேக் வைக்கணும்!"

"எந்த பேக்? யார் சொன்னா?"

"போர்டு சொல்லுச்சு!"

அவர் ட்யூப்லைட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மிரண்டு பார்த்தார். புதுசு காத்திருக்கவில்லை. அவர் இரண்டு காலுக்கும் நடுவில் பையை நுழைத்து வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் வந்து, சரியாக வைத்தோமா என்று பார்த்துக்கொண்டாள்.

பெரிய மேடம் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மனுஷிக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. "நான் வகுப்புல இருந்த நாற்காலியைத்தாம்மா நினைச்சேன்... அவங்க என்னை வாசிச்சுட்டாங்க" என்று விசில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் கடை அம்மா மகனைப் பார்த்தபடி நின்றார்.

"நீயாடா அதை வாசிச்ச? யாரும் சொல்லித் தரலையா?"

"அதுல எழுதியிருக்கேம்மா!" என்றான் ரேடியோ, இதைக்கூடவா கேட்பது என்கிற மாதிரி.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து வெட்டுத் துணித் துண்டுகளில் தைத்த ஒரு பெரிய பை வந்தது, அட்டைகளைப் போட்டு வைக்க.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. விசில் டீச்சர் வகுப்பில் முதல் சொல்லாக, கொஞ்சம் கரகரப்போடு, "குட் மார்னிங்" என்றார். மெதுவாக ஒரு குரல் வந்தது.

"மிஸ்... காதும் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் 'ஏன்'.

"எப்பவும்தான்."

ரேடியோ மெல்ல பெஞ்சுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தான். "காக்கா கூடு, மேல வா" என்று விசில் டீச்சர் கூப்பிட, வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. இனிமேல் யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைத்தார். இடைவேளைக்குள் நாலு சிலேட் வந்துவிட்டது. ஒன்றில் 'டோன்ட் டாக் மிஸ்' என்று இருந்தது. பேசாதீர்கள், விளையாடலாம் என்று அர்த்தம். அதனால் இன்றுவரை அந்த வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தின் முதல் பாதியில் டீச்சர் பேசுவதில்லை. இரண்டாம் பாதியில் பேசுவார். அட்டையில் செய்ததை வாயால் சொல்ல வைப்பார், கதையாக வாசித்துக் காட்டுவார். கைக்குழந்தையோடு திரும்பி வந்த இங்கிலீஷ் டீச்சர் அந்தப் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, முதல் பாதியை விசில் டீச்சரிடமே விட்டுவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறார்கள். வகுப்பில் தமிழில் யோசித்துவிட்டு இங்கிலீஷில் எழுது என்று இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் பிள்ளைகள் முழுக் கதையே எழுதுகிறார்கள்.

ஆண்டு இறுதியில் பெற்றோர் கூட்டம். இந்தத் தடவை அட்டையைப் பிள்ளைகளே எழுதட்டும், டீச்சர்களும் பெற்றோரும் செய்யட்டும் என்றார் விசில் டீச்சர். மைதானத்தில் பெரியவர்கள் எல்லாரும் கூச்சத்தோடு வரிசையில் நின்றோம். 'ஏன்' எழுதியதை வாசித்து நாங்கள் ஒற்றைக் காலில் நின்றோம். ரேடியோ எழுதியதை வாசித்து, பெரிய மேடம் உட்பட, காக்கா மாதிரிக் கத்தினோம். ஸ்டிக்கர் கடைக்காரர் கத்திய கத்தலில் மரத்தில் இருந்த நிஜக் காக்கைகள் பறந்தன.

அடுத்து புதுசின் முறை. அவள் அப்பா வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. மொழி தெரியாத இடத்தில் வழக்கமாக நிற்கிற மாதிரி, வேலைக்குப் போட்டுவந்த நீலச் சட்டையோடு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். புதுசு அட்டையில் குனிந்து மெதுவாக எழுதினாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

'ஹாப் டு மை ஃபாதர்.'

ஒரு நொடி எல்லாரும் வாசித்தோம். பிறகு மைதானமே ஒற்றைக் காலில் கேட்டை நோக்கிக் கிளம்பியது. பெரிய மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டினார். தையல் கடை அம்மா நொண்டினார். முட்டி தேய்ந்த விசில் டீச்சர் நல்ல காலால் எல்லாரையும் முந்திக்கொண்டு நொண்டினார். இத்தனை பேர் தன்னை நோக்கி வருவதைக் கண்ட அந்த மனிதர் முதலில் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மகள் அட்டையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி நொண்ட ஆரம்பித்தார்.